சில்லைகளுக்கு இரண்டு விரல் இடைவெளி

நுரையீரல் மருத்துவர் என் கணவரிடம் முதலில் கேட்டது புகைப்பழக்கத்தைப் பற்றி அல்ல. "வீட்டுக்குப் புறா வருமா?" என்று இந்தியில் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் பிறருடைய கணக்குகளில் ஐயம் எழுப்பியே பழகியவர் அவர்; தம்மிடம் ஒரு கேள்வி வந்தால் அதை என் பக்கம் நகர்த்திவிடுவார். "வரும்" என்றேன். "எவ்வளவு?" என்றார் மருத்துவர். ஆடி மாதத்தில் புனேக்காரரிடம் மழை எவ்வளவு பெய்யும் என்று கேட்பதுபோல இருந்தது அது.

புறாவின் எச்சம் காய்ந்து, தூளாகி, காற்றில் கலக்கும். சிலருடைய நுரையீரல் அதைப் பகையாக எடுத்துக்கொண்டு தன்னைத்தானே புண்ணாக்கிக்கொள்ளும். புண் ஆறுகிறபோது வடுவாகும். வடு விழுந்த இடத்தில் காற்று புகாது. மருத்துவர் ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இதைச் சொன்னார். படத்தின் அடிப்பகுதியில் தேன்கூடு போல ஏதோ இருந்தது. "போனது போனதுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இனி புறா அண்டக் கூடாது."

அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார், தமிழில். "சின்னக் குருவிங்க வரலாமான்னு கேளு அம்மிணி."

நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். மருத்துவர் பேனாவை மூடினார். எந்தப் பறவையும் வராமல் இருப்பதே நல்லது என்றார். பிறகு என் கணவரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்னப் பறவைகள், அதுவும் வெளியில் தொங்கும் ஒரு பாத்திரத்தில் வந்து தின்றுவிட்டுப் போகிறவை என்றால் ஆபத்து குறைவு. ஆனால் இவர் அருகே போகக் கூடாது, வேறொருவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத்துணியால் அன்றாடம் துடைத்துவிட வேண்டும் என்றார். அந்த 'வேறொருவர்' நான் என்பதில் அந்த அறையில் யாருக்கும் ஐயமில்லை.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். நோய் தெரிவதற்கு முன்பு, புனேயில் நாங்கள் இருக்கும் வானவடியின் ராணுவப் பகுதிச் சாலைகளில் மரநிழலில் அவர் தினமும் நடப்பார். மூச்சு முதலில் எடுத்துக்கொண்டது அந்த நடையைத்தான். பிறகு மாடிப்படி. பிறகு சந்தைக்குப் போவது. ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பால்கனியின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் வந்து நின்றது அவருடைய உலகம். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகளும், ஒரு குல்மோகர் மரத்தின் உச்சியும், எங்கள் கைப்பிடிச் சுவரும் தெரியும். சுவரில் புறாக்கள் உட்கார்ந்திருக்கும். எப்போதாவது ஒரு தேன்சிட்டு வந்து செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கிவிட்டுப் போகும். அந்த எப்போதாவதுக்காகத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஆகவே எனக்கு ஒரு வேலை கிடைத்தது: சிறியவை வர வேண்டும், பெரியவை வரக் கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதலில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடுவை ஒன்றைத் தொங்கவிட்டேன். தினையை நிரப்பினால் கீழே ஒரு தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பறவை உட்கார இரண்டு பக்கமும் குச்சிகள். அன்றைக்கே ஒரு புறா அந்தக் குச்சியில் ஏறிக்கொண்டது. ஏறியது என்பதைவிட, இறக்கையை அடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டியது என்று சொல்ல வேண்டும். தினை முழுவதும் தரையில் கொட்டியது. கொட்டியதைப் பொறுக்க இன்னும் நான்கு வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விருந்து பிரமாதம்" என்றார் நான் உள்ளே வந்ததும். "பந்தி பரிமாறத்தான் ஆளு பத்தல."

குச்சிகளை நக நீளத்துக்கு வெட்டிப் பார்த்தேன். சிட்டுக்குருவிக்கு அது போதும். புறாவுக்குக் கால் வைக்க இடமில்லை. ஆனால் புறா உட்காரத் தேவையில்லை என்று கண்டுகொண்டது. மோதினால் போதும், தினை கொட்டும். அதுவரை புறாவை மந்தமான பறவை என்று நினைத்திருந்தேன். பசியோடு இருக்கும் எதுவும் மந்தமில்லை.

பல நாள் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று புரிந்தது. புறாவை வரவழைப்பது பாத்திரம் அல்ல, சிந்துவது. சிந்தாமல் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது. கேம்ப் பகுதிக் கடைத்தெருவில் பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக் கூடைகள் இரண்டை வாங்கினேன். வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டினால் ஓர் உருண்டை. கம்பிகளுக்கு இடையே என் இரண்டு விரல்கள் நுழையும்படி இடுக்கியால் சில இடங்களை அகற்றினேன். இரண்டு விரல் நுழைந்தால் சிட்டு நுழையும், சில்லை என்கிற தினைக்குருவி நுழையும். மைனாவின் தலை மட்டும் நுழையும். புறாவுக்கு அதுவும் சிரமம். தினைக் கிண்ணத்தை உருண்டையின் நட்டநடுவில் வைத்தேன், வெளியிலிருந்து கழுத்தை நீட்டினால் எட்டாத தூரத்தில். அடியில் அகலமான ஒரு மண்தட்டு, உதிரும் உமியைத் தாங்க. காலையில் ஒரு கைப்பிடி தினை மட்டும். வெயில் ஏறியதும் கூடையை இறக்கி, கழுவி, கவிழ்த்துவிடுவேன். சோறு, ரொட்டி, கடலை எதுவும் கிடையாது. அவை பெரியவர்களின் உணவு.

தேன்சிட்டுக்குத் தானியமே வேண்டாம். செம்பருத்தியோடு கனகாம்பரமும் வைத்தேன். பூவைப் புறா திரும்பியும் பார்ப்பதில்லை. இதை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பூச்செடி ஒன்று பூக்க எடுத்துக்கொள்ளும் காலத்தை நோயாளி உள்ள வீட்டில் யாரும் கணக்கில் கொள்வதில்லை.

கூடையைத் தொங்கவிட்டு நெடுநாள் எதுவும் வரவில்லை. நகரின் மறுபக்கம் பாணேரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், தட்டுத் தடுமாறி. "அம்மா, இது ஜெயில் மாதிரி இருக்கு. எந்த பேர்டு தானா உள்ள போகும்?" என்றாள். அவள் சொன்னது சரிதான். உள்ளே நிற்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் ஒரே கம்பி வேறு வேறாகத் தெரியும் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, அவள் அதற்குள் அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் நுழைந்தது ஒரு பெண் சிட்டுக்குருவி. கம்பியில் உட்கார்ந்து, உள்ளே பார்த்து, பறந்து போய், மறுபடி வந்து, கடைசியில் ஒரு திருடனின் அவசரத்தோடு உள்ளே புகுந்து ஒரே ஒரு தினையை எடுத்துக்கொண்டு வெளியேறியது. அடுத்து அதன் கூட்டம். மழை ஓய்ந்த பிறகு புள்ளிச் சில்லைகள் வந்தன. சாக்லேட் நிறத் தலை, மார்பில் மீன்செதில் போன்ற கோடுகள், உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. அவை தின்னும்போது அவசரப்படுவதில்லை. வரிசையாக உட்கார்ந்து உமி நீக்கித் தின்றுவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். என் கணவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அசையாமல் இருப்பார். அப்போது மட்டும் அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்காது. அடக்கிக்கொள்கிறாரா, மறந்துவிடுகிறாரா என்று நான் கேட்டதில்லை.

அவற்றின் குரல் மெல்லியது. கண்ணாடியைத் தாண்டி வராது. கதவை ஒரு சாண் திறந்து வைக்கலாமா என்று தினமும் கேட்பார். தினமும் மறுப்பேன். இதற்குத்தான் அடுத்த முறை மருத்துவரிடம் அனுமதி கேட்பதாக இருந்தோம்.

அடுத்த முறை மருத்துவர் புதிய படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்தார். விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. தேன்கூடு மேலே ஏறியிருந்தது.

"புறா இன்னும் வருகிறதா?"

கூடையில் ஒன்றும் தின்ன முடிவதில்லை என்றேன். ஆனால் கைப்பிடிச் சுவரில் உட்காருகின்றன. காரணம் எங்கள் வீடு அல்ல. எங்களுக்கு நேர் மேலே, கடைசித் தளத்தில் இருக்கும் அம்மாள் தினமும் காலையில் மொட்டைமாடியில் ஜ்வாரி என்கிற சோளத்தை இறைக்கிறார், நூற்றுக்கணக்கில் இறங்குகின்றன, தின்ற பிறகு எங்கள் சுவரில் வந்து இளைப்பாறுகின்றன. மாடியில் காய்ந்த எச்சம் காற்றடித்தால் எங்கள் கதவிடுக்கில்தான் வந்து படிகிறது.

"சுவரில் உட்கார விடாதீர்கள். மேலே போடுவது நிற்க வேண்டும்" என்றார் மருத்துவர். "கதவைத் திறப்பது பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்." இந்த ஆண்டு பேசுவோமா என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை. அந்த அம்மாள் இறைப்பதை நிறுத்தினால் இவருக்குக் கொஞ்சம் காலம். நிறுத்தாவிட்டால் அது இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரமே கைப்பிடிச் சுவரின் மேல் நைலான் நரம்பு கட்டினேன். சுவருக்கு ஒரு சாண் உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுத்து முறுக்கி. எந்தப் பறவையும் தெரியாமல் மோதிச் சிக்கிவிடக் கூடாதே என்று இடையிடையே வெள்ளைத் துணிக் கிழிசல்களை முடிந்துவைத்தேன். சிறியவை நரம்புகளுக்கு நடுவே புகுந்து கூடைக்குப் போயின. புறா இறங்க வரும். இறக்கை நரம்பில் பட்டதும் பதறி விலகும். இரண்டே நாளில் சுவர் காலியாயிற்று. எவ்வளவு எளிய வெற்றி என்று நினைத்தேன்.

மேலே போடுவதை நிறுத்தச் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை. குடியிருப்புச் செயலாளரிடம் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், விதி இருக்கு. ஆனா அந்தத் தாயிகிட்ட நான் போய் எப்படிச் சொல்றது? அவங்க வீட்டுக்காரர் பேர்ல போடறாங்க. நீங்க லேடீஸ் லேடீஸ் பேசிக்கோங்களேன்." தாயி என்றால் மராத்தியில் அக்கா. கட்டடம் முழுவதும் அவரை அப்படித்தான் அழைக்கும். நானும்.

பேசலாம் என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அமாவாசை வந்தது.

என் கணவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அமாவாசையன்று குளித்து, தாய் தகப்பனுக்குப் படைத்து, இலையில் சோறும் பருப்பும் வைத்துக் கைப்பிடிச் சுவரில் காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். காகம் எடுத்தால்தான் இவர் இலையில் உட்காருவார். புனேக்கு வந்து வீடுகள் மாறியும் அந்த வழக்கம் மாறவில்லை. மூச்சு கெட்ட பிறகு சோற்றை நான் வைப்பேன். அழைப்பது மட்டும் அவர். கண்ணாடிக்கு உள்ளிருந்தே, இருக்கிற மூச்சில் பாதியைச் செலவழித்து, "கா... கா..." என்பார். குல்மோகரிலிருந்து ஒரு காகம், சொல்லிவைத்ததுபோல, வந்துவிடும்.

அன்றைக்கும் இலையை வைத்தேன். அவர் அழைத்தார். காகம் வந்தது. சுவரை நெருங்கி, நரம்பைப் பார்த்து, காலை மடக்கிக்கொண்டு மேலே எழும்பி, எதிர்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி அழைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தது. வரவில்லை.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. எந்தப் பெரிய பறவையும் இறங்க முடியாதபடி செய்திருந்தோம். எங்கள் கணக்கில் பெரிய பறவை என்றால் புறா, மைனா, பருந்துகூட. காகம் என்கிற ஒன்று அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மாதம் ஒருமுறை அது பறவையாக வருவதில்லை அல்லவா.

"நரம்ப அவுத்துரட்டுங்களா?" என்றேன்.

"அவுத்தா அரை மணியில அத்தனையும் வந்து உக்காந்துக்கும். வேண்டாம்." அவர் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. மாத்திரை வெறும் வயிற்றில் போடக் கூடாது. போட வேண்டிய நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. "மேல கொண்டு போய் வெச்சுட்டு வந்துரு அம்மிணி. மொட்டைமாடின்னா வந்துரும்."

இலையை எடுத்துக்கொண்டு படியேறினேன். மாடிக்கதவைத் திறந்ததும் நெடி அடித்தது. தரை முழுவதும் சாம்பல் வெண்மை, காலடியில் நொறுங்கியது. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு முக்காலி. அதில் தாயி உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை, முன்னால் ஜ்வாரியும் புறாக்களும். அவர் பேசியது மராத்தி கலந்த இந்தி. என் நினைவில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

"வாங்க வஹினி, வாங்க" என்றார். வஹினி என்றால் அண்ணி; பக்கத்து வீட்டுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார். "என்ன இன்னிக்கு மேல? கையில என்ன, பிரசாதமா?"

"காகத்துக்கு" என்றேன். அமாவாசை என்று விளக்கினேன். அவர்கள் பக்கமும் பித்ருபட்சத்தில் காகத்துக்கு வைப்பதுண்டு, உடனே புரிந்துகொண்டார். எழுந்து, தொட்டித் திண்டின் மேல் ஒரு மூலையைக் கையால் துடைத்து, "இங்க வைங்க" என்றார். வைத்தேன். நான் கையை எடுப்பதற்குள் புறாக்கள் திண்டில் ஏறிவிட்டன. தாயி பையை வீசி விரட்டினார்; நானும் தலைப்பை வீசினேன். அவை எங்களைப் பொருட்படுத்தவில்லை. இலை இழுபட்டுக் கவிழ்ந்தது. பருப்பும் சோறும் அந்தச் சாம்பலில் சிதறின. பறந்து வந்த ஒரு காகம் தொட்டியை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

இருவரும் மூச்சு வாங்க நின்றோம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. "தாயி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"ஜ்வாரியப் பத்தித்தானே? செயலாளர் சொன்னார்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "வஹினி, உங்க கேலரியில தொங்குற கூடைய நான் கீழருந்து பாத்திருக்கேன். அழகா இருக்கு. சின்னதுக்குச் சாப்பாடு, பெருசுக்குக் கயிறு. விருந்தாளிய நீங்களே அளந்து பாத்துக் கூப்பிடறீங்க. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல. வர்றதுக்குப் போடறேன்."

"அவருக்கு மூச்சு..."

"தெரியும். படுத்தா மேல வரைக்கும் கேக்குது." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர அந்தத் தொத்துக் காலத்துல வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. கையில ஒரு பிஸ்கட்கூடக் குடுத்தனுப்பல நான். திரும்பி வந்தது ஒரு பானைச் சாம்பல். அவர்தான் இதுங்களுக்குப் போட்டுட்டிருந்தார். இப்ப நான் போடறேன். நீங்க உங்க ஆளுங்களுக்குச் சோறு கொண்டுவந்தீங்க. நான் என் ஆளுக்கு ஜ்வாரி கொண்டுவந்தேன். உங்களது சாஸ்திரம், என்னோடது சீக்கா? சொல்லுங்க."

இறந்தவர்களைவிட உயிரோடு இருப்பவர்கள் முக்கியம் என்று சொல்லியிருக்கலாம். கையில் காலி இலையோடு நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

கீழே வந்தேன். என் கணவர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

"எடுத்துதா?"

"புறா எடுத்துதுங்க."

அவர் சிரித்தார். "போச்சு. எங்கப்பனுக்குக் கூட்டம்னாவே ஆகாது" என்றார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நெடுநேரம் பிடித்தது; உதடு நீலம் பாய்ந்து, மெல்லத் தெளிந்தது. ஆக்சிஜன் இயந்திரத்தின் குழாயை மூக்கில் பொருத்திவிட்டுக் கஞ்சி கொடுத்தேன். காகம் எடுக்காத அமாவாசையில் அவர் சாப்பிட்டது அதுதான் முதல் முறை. தாயி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

பல நாள் போயிற்று. சில்லைகள் வந்தன, போயின. ஒரு காலையில் நான் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தபோது, "அந்தம்மா கேட்டதுல நாயம் இருக்குது" என்றார்.

"அவங்க மூட்டைக் கணக்குல போடறாங்க. நாம மாசத்துக்கு ஒரு கைப்பிடி."

"அளவுலயா இருக்குது? உம்பட ஆளுக்குப் போடாதேன்னு அவங்களச் சொல்றதுக்கு முன்னால எம்பட ஆளுக்கு நான் நிறுத்தோணும். இல்லாட்டி என்ன வாயி வெச்சுக் கேக்கறது?"

"அத்தை மாமாவுக்கு வெக்காமயா?"

"அவங்கள நான் பாத்துக்கறேன். சீக்கிரம் நேர்லயே போய்ச் சொல்லீருவனில்ல."

இப்படிப் பேசுகிற நேரங்களில் நான் எழுந்து போய்விடுவேன். அன்று போகவில்லை. "அப்ப குருவிக் கூடை?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டிருந்ததால் அங்கே ஒன்றும் இல்லை, செம்பருத்தி மட்டும். "அந்தம்மா எடுக்கச் சொன்னா எடுத்துரு" என்றார். அந்த வாக்கியத்தை இரண்டு மூச்சில் சொன்னார்.

மறுநாள் காலை, தாயி மாடிக்கு ஏறுவதற்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. எங்கள் வீட்டில் இனி காகத்துக்கு வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம் என்றேன். கூடை உங்களுக்குச் சரியில்லை என்றால் அதையும் இன்றே இறக்கிவிடுகிறேன் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

தாயி வாசலில் நின்றபடியே துணிப்பையின் வாயை முறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி முறுக்கினார்.

"பாவூஜியே சொன்னாரா?" என்றார். என் கணவரை உறவுமுறை மரியாதையோடு அப்படித்தான் சொல்வார்.

"ஆமாம்."

"கூடைய நான் என்ன செய்யப்போறேன். இருக்கட்டும்." பையை உள்ளே எங்கோ வைக்கத் திரும்பினார். முதுகைக் காட்டியபடியே, "நீங்க போங்க வஹினி" என்றார்.

அன்றிலிருந்து ஜ்வாரி விழவில்லை. புறாக்கள் ஒரே நாளில் அதை நம்பிவிடவில்லை. காலையில் மொட்டைமாடியின் விளிம்பில் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறும்வரை இருக்கும். ஒன்றும் நடக்காததால் கலையும். வரிசை நாளுக்கு நாள் சுருங்கிற்று. குடியிருப்பில் மாடியைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். செயலாளர் என்னைப் பார்த்த இடத்தில் பாராட்டினார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தாயி என்னிடம் சண்டை போடவில்லை. லிஃப்டில் சேர்ந்து வர நேர்ந்தால் தலையசைப்பார். பிறகு தளத்தின் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வஹினி என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. காலை நேரத்தில் அவர் வீட்டில் தொலைக்காட்சி இரைந்து ஓடுவது எங்களுக்குக் கேட்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் அவர் முன்பு வீட்டில் இருந்ததில்லை.

மருத்துவர் மூன்றாவது படத்தைப் பார்த்து, "ஏறவில்லை" என்றார். இறங்கவும் இல்லை என்பதை அவர் சொல்லாமலே நாங்கள் புரிந்துகொண்டோம். காலையில் காற்று சுத்தமாக இருக்கும்போது கதவைச் சற்றுத் திறக்கலாம் என்றார். ஒரு சாண் திறந்தேன். சில்லைகளின் குரல் உள்ளே வந்தது. அது பாட்டு அல்ல. கூட்டமாக முணுமுணுப்பது, அவ்வளவுதான். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதுக்கா இத்தனை பாடு" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது. வேறு எந்தக் குரல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த அமாவாசைக்கும் சமைத்தேன். படைத்தோம். கைப்பிடிச் சுவருக்கு இலை எடுக்கவில்லை. அவர் நாற்காலியிலேயே சாப்பிட வசதியாகச் சின்ன மேசையை இழுத்துப் போட்டு, சோற்றைப் பிசைந்து வைத்தேன். அவர் கையைச் சோற்றில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே, எதிர்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. யாரும் அழைக்காமலே வந்திருந்தது.

"ஒரே ஒரு உருண்டைங்க" என்றேன். "கீழ பார்க்கிங்ல வெச்சுட்டு வந்தர்றேன். யாருக்கும் தெரியப்போறதில்ல."

அவர் மேலே, கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா வெறுங்கையோட உக்காந்திருக்குது" என்றார். "மோர ஊத்து."

ஊற்றினேன். காகம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர் முதல் வாயை எடுத்து வைத்து, மூச்சுக்காக நிறுத்தி, மென்று விழுங்கினார். பிறகு இரண்டாவது வாயை எடுத்தார்.